ஜோடி இருந்தால் வேலை

மாடிப்படியில் யாரோ தலைகுப்புற உருண்டு விழுவது போல ஒரு சத்தம். மேலே தடதடவென்று தொடங்கி, இரண்டு திருப்பங்களில் மோதி, கீழ்த்தளத்தில் டமார் என்று முடிந்தது. அந்த மாடியின் கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன.

"யாரு விழுந்தது? அடி பலமா?"

"யாரும் விழலை. பெட்டிதான் விழுந்துச்சு." படியின் இருட்டிலிருந்து மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது. "காலிப் பெட்டி. அதுக்கு உயிர் இல்லை, விடுங்க. எனக்கு இருக்கிறதுதான் போயிடும் போலிருக்கு. இந்தப் படியைக் கட்டினவன் மனுஷனுக்குக் கட்டினானா, மலையாட்டுக்குக் கட்டினானா?"

குரலைக் கேட்டதுமே கொக்குவுக்குத் தெரிந்துவிட்டது. பெரியப்பா.

கொக்கு என்பது தம்பி வைத்த பெயர். ஒரே வருடத்தில் அவள் கால்கள் மட்டும் நீண்டுகொண்டே போக, பழைய பாவாடைகள் எல்லாம் முழங்காலுக்கு ஏறிவிட்டன. பதினான்கு வயதிலேயே அம்மாவின் உயரம் வந்துவிட்டது. இப்போது அம்மாவே அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவள் கீழே ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிவந்தாள். புதுப் பெட்டி. கைப்பிடியில் கடைச் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்பது எடையிலேயே தெரிந்தது. பாதிப் படியில் அவள் நின்றுவிட்டாள். காலிப் பெட்டியோடு ஊர்விட்டு ஊர் வருகிறவர் அதைக் காலியாகத் திருப்பிக் கொண்டுபோக வருவதில்லை.

பெரியப்பா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் அக்கா புருஷன். பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த செய்தி ஏற்கெனவே வந்திருந்தது.

"அக்கா எப்படி இருக்கா அத்தான்?" என்று அம்மா கேட்டாள்.

"இடுப்புதான் படுத்திருக்கு. வாய் எழுந்து நடமாடுது." சொம்பைக் கீழே வைத்தார். "இங்க பாரும்மா, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. அவளுக்குக் கூடமாட ஒரு ஆள் வேணும். பசங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஊர்ல இருக்கானுங்க. நீயும் இங்க ஒத்தை ஆளா ரெண்டு பிள்ளைங்களோட அல்லாடுறே. பெரியவளை என்கூட அனுப்பு. அங்க பள்ளிக்கூடத்துல சேர்த்துடறேன். வாசல்ல நின்னா மணி அடிக்கிறது கேக்கும்."

வெளியூர் வேலைக்கென்று போன அப்பாவின் கைபேசி ஒரு வருடமாகத் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. அம்மா காலையில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள், மத்தியானம் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒன்று தோற்றது.

கொக்கு பெரியம்மா வீட்டில் ஒரு விடுமுறை முழுக்க இருந்திருக்கிறாள். பெரியம்மா கெட்டவள் இல்லை. சும்மா இருக்கும் கையைக் கண்டால் மட்டும் ஆகாது. எடுத்துப்போன புத்தகம் பையிலிருந்து வெளியே வராமலே வீடு திரும்பியது. அதைவிடப் பெரிய விஷயம் தம்பி. ஏழு வயதாகிறது, இன்னும் அவள் சடை நுனியைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவான்.

"நான் சாயந்தர வேலைக்குப் போறேன் பெரியப்பா," என்றாள். "ஸ்கூல் விட்டதும் போயிட்டு வருவேன். வாடகைக்கு நானும் குடுப்பேன்."

பெரியப்பா அவளைக் காலிலிருந்து தலைவரை அண்ணாந்து பார்த்தார். "உயரம் இருக்கு. வயசுக்கு எங்க போவே? உனக்கு எவன் வேலை குடுப்பான்?"

"குடுப்பாங்க."

அம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "தேடித்தான் பார்க்கட்டுமே அத்தான். நீங்க இருக்கிற வரைக்கும்."

"சரி. நான் சிநேகிதன் வீட்டுல தங்கறேன். ஞாயித்துக்கிழமை காலைல பஸ். அதுக்குள்ள உனக்கு வேலை கிடைச்சா, நான் காலிப் பெட்டியோட போறேன். உங்க பெரியம்மாகிட்ட திட்டு வாங்குறது எனக்குப் புதுசு இல்லை." எழுந்து சட்டையை உதறினார். "கிடைக்கலைன்னா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது. என்ன?"

"பண்ணமாட்டேன்," என்றாள் கொக்கு.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராக பேக்கரிக்குப் போனாள். பள்ளிச் சட்டையின் மேல் அம்மாவின் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள், கொஞ்சம் பெரியவளாகத் தெரிவதற்கு.

"எடை போடத் தெரியுமா?" என்றார் கல்லாவில் இருந்தவர்.

"தெரியும் சார்."

"வயசு?"

"பதினாலு."

"இந்தத் தராசுக்கே உன்னைவிட வயசு ஜாஸ்தி. போ, போய்ப் படி." ஒரு உடைந்த பிஸ்கட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் வாங்கிக்கொண்டாள். தம்பிக்கு ஆயிற்று.

நகல் எடுக்கும் கடையில் ஒரு அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேலை தெரிஞ்ச ஆள்தான் வேணும்."

"யாரும் வேலை குடுக்காம எப்படிண்ணா வேலை தெரியும்?"

"அதை யாராவது வேலை குடுத்தா அவங்ககிட்டக் கேளு."

மருந்துக் கடையில் பதினாறு என்று பொய் சொன்னாள். அங்கிருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கி, "எந்த வருஷம் பொறந்தே?" என்று கேட்டதும் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொம்மைக் கடைக் கண்ணாடியில் 'ஆள் தேவை' என்று ஒட்டியிருந்தது. "ஆள் எடுத்தாச்சும்மா," என்றார் கடைக்காரர். அவள் தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அந்தக் காகிதம் அப்படியே இருந்தது.

வேலை தேடுவது இப்படித் தாகம் எடுக்கும் காரியம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் ஏறும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள். இறங்கும்போது தொண்டை காய்ந்திருக்கும். வியாழக்கிழமை வந்தபோது கேட்காத கடை என்று அந்தச் சாலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கேட்ட கடைகளைத் தாண்டும்போது எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொள்ளத் தொடங்கியிருந்தாள்.

அப்படி மாறிப்போன ஒரு பின்தெருவில்தான் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய் ஒன்று ஆவி கக்குவதைப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே மலை மலையாக வெள்ளைத் துணி.

அது ஒரு பெரிய சலவைக்கூடம். ஹோட்டல்களின், ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வந்தன. துவைக்கும் இயந்திரத்திலிருந்து கயிறு போல முறுக்கிக்கொண்டு வெளிவரும் ஈர விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து ஓர் உதறு உதறுவார்கள். பட்டாசு போல ஒரு சத்தம். துணி காற்றில் பலகையாக விரிந்து நிற்கும். அது தொய்வதற்குள் இருவரும் ஒன்றாக நகர்ந்து, அறை அகலத்துக்குச் சுழன்றுகொண்டிருக்கும் சூடான உருளையின் வாயில் அதைக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் அது காய்ந்து மொடமொடவென்று வரும்.

இயந்திர இரைச்சலில் யார் பேசினாலும் கேட்காது. அதனால் மேற்பார்வை பார்க்கும் பெண் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. அவளுக்கு அங்கே பெயரே விசிலக்கா.

கொக்குவை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, "என்ன வேணும்?" என்று கத்தினாள். உள்ளே கத்திக் கத்தி, வெளியிலும் அவளுக்குக் கத்தத்தான் வந்தது.

"வேலை வேணும்க்கா. சாயந்தரம் மட்டும்."

விசிலக்கா வயதைக் கேட்கவில்லை. "கையைத் தூக்கு." தூக்கினாள். "உயரம் போதும். உன் ஜோடி எங்கே?"

"ஜோடியா?"

"ஒத்தை ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? பெட்ஷீட்டோட மறுபக்கத்தை யாரு, உங்க தாத்தாவா பிடிப்பாரு? இங்க ஜோடியாத்தான் வேலைக்கு எடுப்போம். ஒருத்தி வரலைன்னா இன்னொருத்திக்கும் அன்னிக்கு வேலை கிடையாது. சாயந்தர ஷிப்ட்ல ஒரு ஜோடிக்கு இடம் இருக்கு. உனக்குச் சரியா நிக்கிற உயரத்துல ஒரு ஆளைக் கூட்டிட்டு வா. ஒரு வண்டித் துணி போடச் சொல்லிப் பார்ப்பேன். ஒண்ணுகூடத் தரையில படக் கூடாது. பட்டா மறுபடி துவைக்கணும். ஆளையும் மாத்தணும்."

கொக்கு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தோழியிடம் மறுநாள் காலையிலேயே கேட்டாள். "எங்கப்பா என் காலை உடைச்சுடுவார், அப்புறம் உனக்கு உயரம் சரியா வராது," என்றாள் தோழி. கீழ்வீட்டு அக்கா வலிக்கிற இடுப்பைப் பிடித்துக் காட்டி, நிற்கவே முடியாது என்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் உயரத்துக்கு இருந்த ஒரே இன்னொருத்தி, கூடைப்பந்து ஆடுகிறவள், பதில்கூடச் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை கொக்கு சாப்பிட உட்காரவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். தம்பிதான் தட்டிலிருந்து நிமிராமல் சொன்னான்.

"அம்மாவும் நீயும்தானே வீட்டுல போர்வை மடிப்பீங்க?"

கொக்கு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு இருப்பதே அந்த மாலைநேரம் ஒன்றுதான். கேன்டீனிலிருந்து வந்ததும் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். அதைக் கேட்பதற்குக் கொக்குவுக்கு வாய் வந்திருக்காது.

"நாளைக்குப் போய்ப் பார்ப்போம்," என்றாள் அம்மா.

கொக்கு துள்ளி எழுந்தாள். அந்த நிமிடமே பீரோவின் மேலிருந்த போர்வையை நனைத்துப் பிழிந்து, வாசல் வராந்தாவில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அவர்களுக்கு எண்ணிக்கை தேவைப்படவில்லை. அம்மாவின் தாடை லேசாக மேலே போனால் உதறு. கீழே வந்தால் நகரு. எத்தனையோ வருடப் பழக்கம். போர்வை காற்றில் படீர் படீரென்று வெடிக்க, தெறித்த தண்ணீர் எதிர்வீட்டுக் கதவில் பட்டது.

"மழையா பெய்யுது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆமா, எங்க வாசல்ல மட்டும்," என்று அம்மா பதில் கொடுத்தாள். தம்பி போர்வைக்கு அடியில் குறுக்கும் நெடுக்கும் ஓடினான். அம்மா அப்படிச் சிரித்து கொக்கு வெகுநாளாகப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மாலை விசிலக்கா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்காவா?"

"அம்மா," என்றாள் கொக்கு.

"உயரம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. வாங்க." ஒரு தள்ளுவண்டி நிறைய முறுக்கிய துணியை அவர்கள் முன்னால் நிறுத்தினாள். "கை உருளைப் பக்கம் ரொம்பப் போகக் கூடாது. அது பிடிச்சா விடாது. ஆரம்பிங்க."

முதல் விரிப்பு போர்வையைவிட மூன்று மடங்கு கனம். முனை விரலை அறுத்தது. ஆனால் அம்மாவின் தாடை மேலே போனது, கொக்குவின் கை தானாக உதறியது, துணி பலகையாக விரிந்தது. உருளை அதை நாக்கால் நக்குவது போல உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்தது. அதற்கடுத்தது. வெப்பம் முகத்தில் அறைந்தது, முதுகில் வியர்வை ஓடியது. பக்கத்து ஜோடிகள் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். விசிலக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஏதோ திருப்தி தெரிந்தது.

வண்டி பாதி காலியானபோது மின்சாரம் போனது. உருளை முனகிக்கொண்டே நின்றது. அந்தத் திடீர் அமைதியில் எல்லோருடைய இருமலும் கேட்டது.

"இது அடிக்கடி நடக்கும், ஓய்வெடுத்துக்குங்க," என்றாள் பக்கத்து ஜோடியில் ஒருத்தி. சுருட்டை முடி. இருபது வயதிருக்கும். முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் கோடு கோடாகப் பழைய சூட்டுத் தழும்புகள். "நல்லா போடறீங்கம்மா. நாங்க ஆரம்பத்துல தினமும் ஒண்ணு கீழ போட்டோம்."

"நீ எப்போ வந்தே?" என்று அம்மா கேட்டாள்.

"நானா? எட்டாவது படிக்கும்போது. சாயந்தரம் மட்டும்னுதான் வந்தேன்."

"அப்புறம் படிப்பு?"

"அது காலையில இருந்துச்சு." சுருட்டை சிரித்தாள். "காலை ஷிப்ட்ல ஒரு ஜோடி குறைஞ்சுது. விசிலக்கா கொஞ்ச நாளைக்கு வான்னாங்க. அந்தக் கொஞ்ச நாள்தான் இன்னும் முடியலை."

"உன் ஜோடி யாரு?"

"அப்போ எங்கம்மா. உங்களை மாதிரியேதான், ரெண்டு பேரும் அப்படி ஒரு பொருத்தம். அவங்களுக்கு முட்டி போயிடுச்சு, நிக்க முடியலை. ஜோடி இல்லேன்னா எனக்கும் வேலை இல்லையே. அதான் இவளை இழுத்துட்டு வந்தேன்." பின்னால் கை காட்டினாள். துணி மூட்டையின் மேல் ஒரு சின்னப் பெண் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். "தங்கச்சி. ஒரு பலகை போட்டு நிக்க வெச்சா உயரம் சரியாயிடும். ஏய், எந்திரி. கரண்ட் வரப்போகுது."

அந்தச் சின்னப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, யாரும் சொல்லாமலே தன் பலகையைக் காலால் இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கை வலிக்குதா?" என்றாள் கொக்கு.

"இல்லை."

"இன்னும் கொஞ்சம்தான்மா. வண்டி பாதி ஆயிடுச்சு. நாளைக்குப் பெரியப்பா பஸ் ஏறும்போது நான் டாட்டா காட்டுவேன், பாரேன். தம்பிக்குப் புதுசா செருப்பு வாங்கணும். அப்புறம் நீ மத்தியான வேலையை விட்டுடலாம், இல்லை?"

அம்மா மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஈர விரலால் ஒதுக்கிவிட்டாள்.

மின்சாரம் வந்தது. உருளை மறுபடி சுழன்று சூடேறியது. உதறல், நகர்தல், கொடுத்தல். வண்டியின் அடிப்பலகை தெரிய ஆரம்பித்தது. கொக்கு மனதுக்குள் பாடவே தொடங்கிவிட்டாள். மிச்சமிருந்தது சில துணிகள்தான். அவள் ஒன்றை இழுத்து அம்மாவின் பக்கத்து முனைகளை நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டாள். அவள் தாடை மேலே போனது. கொக்கு தன் முழு பலத்தையும் சேர்த்து உதறினாள்.

எதிர்ப்பக்கத்தில் யாரும் பிடித்திருக்கவில்லை. அந்தப் பெரிய வெள்ளைத் துணி காற்றில் ஒரு கணம் தடுமாறி, அழுக்குத் தண்ணீர் தேங்கிய சிமென்ட் தரையில் சளக்கென்று விழுந்தது.

விசில் ஒலித்தது. உருளை நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ்வளவுதான்," என்றாள் விசிலக்கா. இந்த முறை அவள் கத்தவில்லை.

கொக்கு பாய்ந்துபோய்த் துணியை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். சேற்றுத்தண்ணீர் சட்டை முழுக்க இறங்கியது. "அக்கா, கை ஈரம்க்கா. வழுக்கிடுச்சு. இதை நானே துவைச்சுத் தர்றேன். மத்தது எல்லாம் நல்லாத்தானே போட்டோம், நீங்கதான் பார்த்தீங்களே. அம்மா ரெண்டு வேலை பார்த்துட்டு வந்திருக்காங்கக்கா. அதான் கை அசந்துடுச்சு. ஒரே ஒரு தடவை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நாளைக்குக் காலைல என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கக்கா."

அவள் குரல் உடைந்து, எங்கோ கீழே போய்விட்டது. சுருட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பலகை மேல் நின்ற சின்னப் பெண் மட்டும் கண் இமைக்காமல் பார்த்தாள்.

விசிலக்கா விசிலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள்.

"நான் யாருக்கும் மறுதடவை குடுக்கிறதில்லை," என்றாள். "ஆனா இப்படி ஒரு பொருத்தமான ஜோடி எனக்கு ரொம்ப நாளா கிடைக்கலை. கை வழுக்குறது யாருக்கும் வர்றதுதான். சரி, அழாதே. மிச்சம் இருக்கிறதை முடிங்க. திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வாங்க."

கொக்குவுக்கு அது முழுதாக மண்டையில் ஏற ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு அழுக்குத் துணியை அப்படியே கீழே போட்டுவிட்டு வண்டியிலிருந்து அடுத்ததை இழுத்தாள். முகத்தில் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வழிந்தன. முனைகளை அம்மாவிடம் நீட்டினாள்.

"பிடிம்மா."

அம்மாவின் கைகள் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. அவை மேலே வரவில்லை.

"அம்மா, பிடிம்மா. அக்கா சரின்னுட்டாங்க."

அம்மா மகளைப் பார்க்கவில்லை. விசிலக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"எனக்குக் கை வழுக்கலைங்க. நான்தான் விட்டேன்."